அரசர் வாழாத அரண்மனை



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்னர், எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருபத்து மூவரைக் கோலாலம்பூருக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். ஆசிரியர்கள் நாங்கள் மூவர். துணைக்கு மாணவி ஒருத்தியின் பாட்டியும் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். கிள்ளானுக்கு அருகில் வாழ்ந்தும் கோலாலம்பூரை நின்று பார்த்ததில்லை என்றார். அன்று கண்டவற்றையும், பிள்ளைகள் கேட்ட இரண்டு கேள்விகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பேச்சு.

கிள்ளானில் காலை இரயிலில் ஏறினோம். இந்த இருப்புப்பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1857-ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக எண்பத்தேழு சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலால் மாண்டனர். ஆயினும் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் ஊர் ஒன்று எழுந்தது. அதுவே கோலாலம்பூர். சேற்று ஆறுகள் கூடும் முகம் என்பது அதன் பொருள். 1880-இல் சிலாங்கூர் நிருவாகம் கிள்ளானிலிருந்து அங்கே மாறியது. 1886-இல் இரண்டு ஊர்களையும் இணைக்க இரயில் வந்தது. அன்று படகில் நாள்கணக்கில் சென்ற தொலைவை நாங்கள் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகக் கடந்தோம். இடையில் அங்காசாபுரி நிலையம் வந்தபோது, "நாம் கேட்கும் வானொலி இங்கிருந்துதான் பேசுகிறது" என்றோம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து சன்னலை மறைத்துக்கொண்டார்கள்!

பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் இறங்கினோம். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்னும் ஆங்கிலேயர் வரைந்து, 1910-இல் திறக்கப்பட்ட நிலையம் இது. வெள்ளை நிறம், வரிசை வரிசையாக வளைவுகள், மேலே சின்னஞ்சிறு மண்டபங்கள். தூண்கள் தாங்க, குடை விரித்தாற்போல் நிற்கும் இந்தச் சிறு மண்டபத்திற்கு வடஇந்தியாவில் சத்திரி என்று பெயர். சத்திரி என்றால் குடை. "இந்தக் குடையை மறவாதீர்கள். இன்னும் சிறிது நேரத்தில் இதன் உறவினர்களைப் பார்ப்போம்" என்று சொல்லி நடந்தோம்.

பத்து நிமிட நடையில் மெர்டேக்கா சதுக்கம் வந்தது. பசும்புல் திடல், அதற்கு எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். செங்கல் சிவப்பில் வெள்ளைப் பட்டைகள். நடுவில் ஏறத்தாழ 41 மீட்டர் உயர மணிக்கூண்டு. அதன் இருபுறமும் வட்டமான படிக்கட்டுக் கோபுரங்கள். மூன்றின் தலையிலும் செப்புத் தகடு போர்த்திய குவிமாடங்கள். "சிவப்பும் வெள்ளையும் நம்ம கோயில் மதில் மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி. அப்போதுதான் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் முதல் கேள்வியைக் கேட்டான்.

"டீச்சர், இது எந்த ராஜாவோட அரண்மனை?"

நல்ல கேள்வி. ஏனெனில், கண்ணுக்கு அரண்மனையாகவே தோன்றும் இந்தக் கட்டடத்தில் எந்த அரசரும் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. இது அலுவலகமாகவே கட்டப்பட்டது. கட்டியபோது இதன் பெயரும் அரசாங்க அலுவலகங்கள் என்பதுதான். சுல்தான் அப்துல் சமாட்டின் பெயர் 1974-இல் சூட்டப்பட்டது. 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட அவர் வாழ்ந்தது லங்காட் ஆற்றுப் பக்கம், ஜுக்ராவில்.

அப்படியானால் ஓர் அலுவலகத்திற்கு ஏன் அரண்மனைக் கோலம்? இதற்கு விடை காண நாம் கடல் கடந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

மொகலாய மன்னர்கள் தங்கள் அரண்மனைகளை ஆற்றங்கரையில் அமைப்பதை விரும்பினார்கள். ஆக்ராக் கோட்டையும் தில்லிச் செங்கோட்டையும் யமுனைக் கரையில் எழுந்தவை. 1639-இல் ஷாஜகான் தொடங்கிய செங்கோட்டை 1648-இல் நிறைவுற்றது. அதில் மன்னர் வாழ்ந்த மண்டபங்களெல்லாம் ஆற்றை நோக்கிய மேடையில் வரிசையாக நின்றன. காரணம் அழகு மட்டுமன்று. ஆற்றின் மேல் வரும் காற்று மண்டபத்தின் திறந்த வளைவுகள் வழியே புகுந்து வெம்மையைத் தணிக்கும். கூரைக்கு வெளியே நீண்டிருக்கும் கல் இறவாரம் வெயிலையும் மழையையும் தடுக்கும். உச்சியில் சத்திரிகள் நிற்கும். பின்னாளில் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டு கோட்டையை விட்டு விலகிப் போயிற்று. ஆறு போய்விட்டது, ஆற்றுக்காகக் கட்டிய மண்டபங்கள் நிற்கின்றன.

இந்தக் கட்டடக் கலை தெற்கே தமிழ்நாட்டிற்கும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை சென்றிருந்தபோது, சேப்பாக்கம் அரண்மனையைப் பார்க்க விரும்பினோம். ஆட்டோக்காரரிடம் "சேப்பாக்கம்" என்றதும், நேரே கிரிக்கெட் மைதானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்! அவர்மேல் குற்றமில்லை. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த அந்த அரண்மனை, இன்று கடற்கரைச் சாலையிலுள்ள அரசாங்க அலுவலகங்களுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. ஒருகாலத்தில் அதன் வளாகம் கூவம் ஆறுவரை பரந்திருந்தது. ஹுமாயூன் மகால், கலச மகால் என இரு பகுதிகள், உயர்ந்த வளைவுகள், குவிமாடங்கள், தடித்த செங்கற் சுவர்கள். ஐரோப்பியர் இந்திய, இஸ்லாமியக் கட்டட முறைகளைக் கலந்து அமைத்த பாணிக்குப் பிற்காலத்தில் இந்தோ சாரசனிக் என்று பெயர் வந்தது. அதன் தொடக்க கால எடுத்துக்காட்டாகச் சேப்பாக்கம் அரண்மனையைச் சொல்வார்கள்.

1855-இல் கடைசி நவாபு வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலேயர் அந்த அரண்மனையைத் தம் வசமாக்கி அலுவலகங்களை வைத்தார்கள். இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் இரண்டு மகால்களுக்கும் நடுவே ஒரு கோபுரத்தைச் சேர்த்தார். அவரே அதே பாணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தையும் எழுப்பினார். 1892-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வாறே எழுந்தது.

நேயர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அரசரின் அரண்மனை அலுவலகமாயிற்று. பிறகு அலுவலகங்களையே அரண்மனை போலக் கட்டத் தொடங்கினார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்து ஆள்பவர், அந்த மண்ணில் வழிவழியாக ஆண்டவரைப் போலத் தோன்ற விரும்பினார். அதற்குப் பழைய அரசரின் கட்டடக் கோலத்தை எடுத்து அணிந்துகொண்டார். இதுவே அந்தப் பையனின் கேள்விக்கு விடையின் முதற்பாதி.

மறுபாதி நம் நாட்டில் நடந்தது. 1890-களில் இங்கே புதிய அலுவலகம் தேவைப்பட்டது. அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன் முதலில் ஐரோப்பியப் பாணியில் ஒரு படம் வரைந்தார். அரசாங்கப் பொறியியலாளர் சி. இ. ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த அவர், முஸ்லிம் நாட்டிற்கு இஸ்லாமியப் பாணியே பொருந்தும் என்று கருதினார். பின்னர் ஆர். ஏ. ஜே. பிட்வெல் என்பவரின் கைவண்ணத்தில் இன்று நாம் காணும் வடிவம் அமைந்தது. 1894 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். 1897 ஏப்ரலில் கட்டடம் திறக்கப்பட்டது.

ஸ்பூனரின் எண்ணத்தில் ஒரு பிழையும் உண்டு. மலாய் மக்களின் சொந்தக் கட்டடக் கலை செங்கல்லும் குவிமாடமும் அன்று. மரமும் தூணும் உயர்ந்த கூரையும் ஆகும். பேராக் மாநிலம் கோலாகங்சாரில் 1926-இல் ஆணியே அடிக்காமல் மரத்தால் கட்டிய இஸ்தானா கெனாஙான் என்னும் சிறு அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மதம் ஒன்றாயிருந்தால் கட்டடமும் ஒன்றாயிருக்கும் என்று வெளியூர்க்காரர் எண்ணிவிட்டார். ஒரு மக்களை வெளியிலிருந்து பார்ப்பவர் இவ்வாறு தவறுவது எளிது. நாமும் அவ்வாறு தவறாமலிருக்கப் பழக வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பெயரும் ஆண்டும் போதாது. எனவே அந்தத் திடலிலேயே ஒரு விளையாட்டு நடத்தினோம். மாணவர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு, கால்களைப் பின்னுக்கு வைத்துச் சாயச் சொன்னோம். சேர்ந்த கைகளை மற்றொருவன் மேலிருந்து மெல்ல அழுத்தினான். உடனே இருவர் கால்களும் புல்லில் வழுக்கின. வேறு இருவர் அவர்கள் பாதங்களுக்குத் தம் பாதங்களை முட்டுக் கொடுத்ததும் வழுக்கல் நின்றது. வளைவு என்பது இதுதான்! மேலே ஏறும் பாரத்தை வளைவு இருபக்கமும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஏற்கப் பக்கத்தில் ஒன்று வேண்டும். வளைவுகள் வரிசையாக நின்றால் ஒன்றின் தள்ளலை அடுத்த வளைவே தாங்கிக்கொள்ளும். கடைசி வளைவுக்குத்தான் கனத்த சுவர் தேவை. "அதனாலதான் மூலையில சுவர் தடியா இருக்கா, டீச்சர்?" என்று கேட்டவன், கணிதப் பாடத்தில் எங்களுக்கு மிகுந்த கவலை தருபவன்!

பாட்டி இந்த விளையாட்டிலெல்லாம் சேரவில்லை. அவர் கண் போனது வளைவுகளுக்குப் பின்னால் ஓடும் அகன்ற தாழ்வாரத்தின் மேல். "மழையோ வெயிலோ, உள்ள இருக்கிறவங்க மேல படாது" என்றார். கட்டடத்தின் பயனை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நம் கடைவீதிகளில் அஞ்சடி என்று சொல்கிறோமே, அந்த நடைபாதை செய்யும் வேலையைத்தான் இந்தத் தாழ்வாரமும் செய்கிறது. மொகலாய மன்னருக்கு நிழல் தந்த அதே வழி, இங்கே எழுத்தர்களுக்கு நிழல் தந்தது.

பிறகு கட்டடத்தின் பின்புறம் சென்றோம். கோம்பாக் ஆறு ஓடுகிறது. சற்றுக் கீழே அது கிள்ளான் ஆற்றோடு கூடும் முனையில் ஜாமேக் பள்ளிவாசல் நிற்கிறது. அதுவும் ஹப்பாக் வரைந்ததே, 1909-இல் திறக்கப்பட்டது. இரயில் நிலையத்தில் கண்ட குடைகளின் உறவினர்களைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்தார்கள். யமுனையில் தொடங்கிய கோலம் கூவம் வழியாகக் கிள்ளான் ஆற்றுக்கு வந்து சேர்ந்திருப்பதை அங்கே நின்று சொன்னோம்.

அப்போது பாட்டியின் பேத்தி இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

"டீச்சர், இதை நம்ம ஆளுங்க கட்டினாங்களா?"

நேயர்களே, ஆம் என்று சொல்ல எங்களுக்கு ஆசையாக இருந்தது. அந்தக் குழந்தையின் முகம் அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்த்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெருமை சொல்ல வேண்டிய தேவை எவ்வளவு என்பதை எங்களைவிட யார் அறிவார்? ஆனால் சான்று இல்லாத பெருமையை ஆசிரியர் கொடுக்கக் கூடாது. நாளை வேறொருவர் அது பொய் என்று காட்டினால், நாம் சொன்ன உண்மைகளையும் அந்தக் குழந்தை நம்பாது.

ஆகவே அறிந்ததை மட்டும் சொன்னோம். படம் வரைந்தவர்களின் பெயர்களும் திறந்துவைத்தவர்களின் பெயர்களும் நூல்களில் இருக்கின்றன. கல் சுமந்தவர், சாந்து குழைத்தவர் பெயர்கள் நாங்கள் படித்த நூல்களில் இல்லை. ஆனால் இந்த நாட்டின் இருப்புப்பாதைகளிலும் சாலைகளிலும் எண்ணற்ற தமிழர் உழைத்தார்கள் என்பது உறுதி. செங்கல் வந்த இடமும் தெரியும். "வாருங்கள், அந்த இடத்திலேயே பகல் உணவு சாப்பிடுவோம்" என்று பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துச் சென்றோம்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881-இல் ஒரு பெருந்தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அன்றைய வீடுகள் பலகையும் அத்தாப்பும் ஆனவை. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும்படி அரசாங்கம் வற்புறுத்தியது. சூளைகள் பெருகின. சீனர் தலைவராகிய காப்பித்தான் யாப் குவான் செங் இங்கே பெரிய செங்கல் சூளைகளை நடத்தினார். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திற்கு மட்டும் 40 இலட்சம் செங்கற்கள் ஆயின என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு கை அறுத்து, வெயிலில் காயவைத்து, சூளையில் அடுக்கிச் சுட்டது. பின்னர் இதே பகுதியில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. தமிழகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் குடியேறினார்கள். கோயில்களும் பள்ளிகளும் தோன்றின. நூறு குவாட்டர்ஸ் என்று பெயர் பெற்ற வரிசை வீடுகள் பல தலைமுறைகளை வளர்த்தன. அந்த வீடுகள் இன்று இல்லை. அவை இருந்த இடத்தில் உயர்ந்த கட்டடங்கள்.

வாழை இலையில் சோறு உண்டுகொண்டே இதைக் கேட்ட பாட்டி, வெகுநேரம் பேசவில்லை. திரும்பும் இரயிலில்தான் சொன்னார்: "அந்தப் பெரிய கட்டடத்தை எத்தனை பேர் படம் பிடிக்கிறாங்க, பாத்தீங்களா? எங்க லயத்தை இடிச்சப்ப ஒருத்தரும் ஒரு படம்கூட எடுக்கல. நாப்பது வருசம் இருந்த வீடு."

எங்களிடம் பதில் இல்லை. எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி சில ஆண்டுகளுக்கு முன் கைமாறி, பழைய லயங்கள் தரைமட்டமாயின. நாங்களும் அந்த வழியாகத்தான் நாள்தோறும் பள்ளிக்குப் போய்வந்தோம். நாங்களும் ஒரு படம் எடுக்கவில்லை.

மறுவாரம், சுற்றுலாக் கட்டுரை எழுதச் சொல்வதற்குப் பதிலாகப் பிள்ளைகளை லயம் இருந்த இடத்திற்கு அழைத்துச் சென்றோம். புல் மண்டிக் கிடந்தது. ஆனால் சிமெண்டுத் தரையின் விளிம்பும் இரண்டு படிக்கட்டுகளும் எஞ்சியிருந்தன. பாட்டி முன்னே நடந்து, இது முன்வாசல், இது அடுப்படி, அதோ தண்ணீர்க் குழாய், அங்கே பெரட்டுக் களம், அதற்கப்பால் ஆயாக் கொட்டகை என்று காட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் அளவு நாடாவால் அளந்து தாளில் வரைந்தார்கள். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் எட்டுப் பேர் வாழ்ந்ததாகப் பாட்டி சொன்னபோது, மாணவர் எண்மர் அந்தச் செவ்வகத்திற்குள் நின்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள் என்று பாட்டி சொல்லச் சொல்ல, பேத்தி அந்தப் பெயர்களை வரைபடத்தின் கட்டங்களில் எழுதினாள். இரண்டு வீடுகளுக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவற்றை வெறுமையாகவே விட்டோம். யாராவது வந்து சொல்லட்டும்.

இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று, பிள்ளைகள் வரைந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். மற்றொன்று, பெயர்கள் எழுதிய லயத்தின் வரைபடம்.

மாணவச் செல்வங்களே, அந்தப் பெரிய கட்டடம் நம் அனைவருக்கும் உரியது. 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்த நள்ளிரவில், அதன் எதிரேயுள்ள திடலில்தான் ஆங்கிலேயர் கொடி இறங்கி நம் நாட்டுக் கொடி ஏறியது. அரசரைப் போலத் தோன்றக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். கட்டடம் மக்களிடம் வந்து சேர்ந்தது. அதைப் போய்ப் பாருங்கள். வளைவுகளை எண்ணுங்கள். குடைகளைத் தேடுங்கள். யார் வரைந்தார், யார் கட்டினார், யாருக்காகக் கட்டினார் என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

வீடு திரும்பியதும் அதே மூன்று கேள்விகளை உங்கள் தோட்டத்துக் கோயிலைப் பார்த்தும், பழைய பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தும், தாத்தா பாட்டி வாழ்ந்த லயத்தைப் பார்த்தும் கேளுங்கள். அளவெடுத்து எழுதிவையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.